கியர் நழுவுற ஜீப்

உட்காருங்கண்ணே. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இந்த ஸ்டூல்ல உட்காருங்க. மாமா பேட்டரி இரவல் வாங்கப் போயிருக்காரு, மூணாவது தெருதான், வந்துருவாரு. மூணு மாசமா வண்டியை எடுக்கலைல்ல, இருந்த பேட்டரி செத்துப்போச்சு.

போன்லயே எல்லாம் சொல்லியிருப்பாரே. கியர் நழுவும்னு சொன்னாரா? சொல்லியிருப்பாரு. வர்றவங்க எல்லார்கிட்டயும் மொதல்ல அதைத்தான் சொல்றாரு. "அண்ணே, மறைக்கல, இறக்கத்துல நிறுத்துனா கியர் நழுவும், ஒரு பொம்பளைக்குக் கை ஒடிஞ்சிருக்கு, பார்த்துக்கங்க." இப்படிச் சொல்லி யாராச்சும் வண்டி விப்பாங்களா? நாலு பேர் வந்தாங்க. நாலு பேரும் டீயைக் குடிச்சிட்டு, யோசிச்சுச் சொல்றோம்னு போயிட்டாங்க. விலையைக் குறைச்சாரு. மறுபடி குறைச்சாரு. நீங்க அஞ்சாவது ஆள். கியர் நழுவும்னு கேட்டும் குமுளியிலருந்து மெனக்கெட்டு வந்திருக்கீங்க. டூரிஸ்ட் ஓட்டவா? சரி.

நான் லோகேஸ்வரி. அவரு சம்சாரம் பூமாரி இருக்காள்ல, அவ தங்கச்சி. படிப்பா? பதினொன்னாப்புல பாதியில நின்னுட்டேன். ஏன்னு எல்லாரும் கேக்குறாங்க. பிடிக்கல, நின்னுட்டேன், அவ்வளவுதான். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில ஒன்றரை வருஷமா கவுண்டர்ல நிக்கிறேன். இன்னிக்கு லீவு போட்டேன். ஏன் போட்டேன்னு தெரியல. காலையில கிளம்பி வாசல் வரைக்கும் போனேன், கால் வரல.

நீங்க வண்டியைப் பாருங்கண்ணே. நான் இங்கிருந்தே சொல்றேன், பக்கத்துல வரமாட்டேன். பயம்தான். அது சமதரையில நிக்குது, நாலு டயருக்கும் செங்கல் வச்சிருக்கு, தெரியுது. தெரிஞ்சும் பயமா இருக்கு. நேத்து ஒரு பூனை அதுமேல குதிச்சுச்சு, நான் கையில வச்சிருந்த சோத்துத் தட்டைக் கீழ போட்டுட்டேன். இவ்வளவுக்கும் இந்த வண்டியைப் பார்த்துப் பார்த்து வாங்குனதே நான்தான். மாமாவுக்கு ஓட்டத் தெரியும், பார்க்கத் தெரியாது. நல்லா பெயிண்ட் அடிச்சிருந்தா நல்ல வண்டிம்பாரு.

கம்பத்துல ஒரு திராட்சைத் தோட்டக்காரருகிட்ட வாங்குனோம். போன உடனே என்ன பண்ணேன் தெரியுமா? பேனட்ல கையை வச்சேன். சுட்டுச்சு. "ஏன்யா சுடுது?"ன்னு கேட்டேன். "இப்பத்தாம்மா தோட்டத்துக்குப் போயிட்டு வந்தேன்"னாரு. "சரி, ஆறட்டும், நாங்க உட்கார்ந்திருக்கோம்"னுட்டேன். டீசல் வண்டி சூட்டுல யாரு தொட்டாலும் எந்திரிக்கும்ண்ணே. ராத்திரியெல்லாம் கிடந்து ஆறிப்போன வண்டி ஒரே சாவியில எந்திரிக்குதான்னுதான் பார்க்கணும். மூணு மணி நேரம் பந்தலுக்குக் கீழ உட்கார்ந்திருந்தோம். மாமாவுக்கு வெக்கமாப் போச்சு. "ஏய், அவரு என்ன நினைப்பாரு?"ன்னு காதுக்குள்ள சொல்றாரு. அந்தத் தோட்டக்காரர் சிரிச்சிட்டு, "வண்டி பார்க்க வந்தீங்களா, மாப்பிள்ளை பார்க்க வந்தீங்களாப்பா? மாப்பிள்ளையக்கூட இப்படிப் பார்க்க மாட்டாக"ன்னு ஒரு கூடை பழத்தை முன்னால வச்சாரு. நான் பழமும் தின்னேன், எந்திரிச்சும் போகல.

ஆறுன பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். எந்திரிச்சுச்சு. புகை பார்த்தேன். வெள்ளையா லேசா வந்து நின்னா அது குளிருக்கு. நிக்காம வெள்ளையா வந்தா தண்ணி உள்ள போகுது. நீலமா வந்தா ஆயிலைக் குடிக்குது. கறுப்பு வந்தா பம்பு, நாசில் எல்லாம் பார்க்கணும். இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தா? யாரும் இல்ல. கடைக்கு வந்து "நீலப் புகை வருது பாப்பா"ம்பாங்க, மறுவாரம் அவங்களே வந்து ரிங் செட் வாங்குவாங்க. நாப்பது பேருக்கு எடுத்துக் கொடுத்தா நமக்கும் தெரியாதா?

ஆயில் ஊத்துற மூடியத் திறந்து, வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே கவுத்து வச்சுப் பாருங்க. மூடி குதிச்சு ஆடுச்சுன்னா இஞ்சின் தேஞ்சுபோச்சு, கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துருங்க. இதுல ஆடாது. மூடிக்கு உள்பக்கம் காப்பி நுரை மாதிரி ஒட்டியிருக்கான்னு பாருங்க, இருந்தா தண்ணி ஆயில்ல கலக்குது. இதுல இருக்காது. அப்புறம் கீழ படுத்துப் பாருங்க. நான் சுடிதாரோட படுத்தேன், மண்ணோட மண்ணா. நிறைய பேர் டீசல் மிச்சம்னு முன் சக்கரத்துக்குப் போற ஷாஃப்டையே கழட்டிப் போட்டுருவாங்க. லிவர் போட்டா 'டக்'குனு விழும், நாமளும் நாலு சக்கரமும் இழுக்குதுன்னு நினைச்சுக்குவோம். சேத்துல போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். இதுல ஷாஃப்ட் இருக்கு. சேசிஸ்ல வெல்டிங் இல்ல. நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். மேகமலை அடிவாரத்து ஓடைக்குள்ள இறக்கி, பொடி மணல்ல நாலு சக்கரம் போட்டு ஏத்திப் பார்த்தோம். ஆடு மாதிரி ஏறுச்சு.

எல்லாம் பார்த்தேன்ண்ணே. ஒன்னு விடாமப் பார்த்தேன்.

ஹேண்ட் பிரேக்கா? அது... அது கொஞ்சம் லூசுதான். அன்னிக்கே லூசுதான். மாமாகிட்ட சொன்னேன். "எந்த ஜீப்லடி ஹேண்ட் பிரேக் பிடிச்சிருக்கு? ஏத்தத்துல ஒன்னாம் கியரு, இறக்கத்துல ரிவர்ஸ், சக்கரத்துக்கு ஒரு கல்லு. போடியில அவ்வளவு பேரும் அப்படித்தான் நிறுத்துறாங்க"ன்னாரு. நிஜம்தான், எல்லாரும் அப்படித்தான். அதனால நானும் விட்டுட்டேன். அதை விட்டது தப்புதான். எழுதி வச்சுக்கங்க, ஹேண்ட் பிரேக்கை விடக்கூடாது.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். மாமா சொன்னா முழுசா சொல்ல மாட்டாரு, பாதியில எந்திரிச்சுப் போயிருவாரு.

மாமா மலை மேல ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போவாரு. விடிய ஆறு மணிக்கு இங்க ஏத்தி, மலை உச்சியில மெட்டு தாண்டி அந்தப் பக்கம் இறக்கி, சாயந்திரம் திருப்பிக் கூட்டிட்டு வரணும். எல்லாம் பொம்பளையாளுக. பதினாலு பேர். ஏலப்பழம் எடுக்கிற சீசன்ல ஞாயித்துக்கிழமையும் வேலை இருக்கும், கடை லீவுங்கிறதால நானும் போவேன். எனக்கு முன் சீட்டுதான். மாமா பக்கத்துல, நடுவுல. எனக்கு அந்தப் பக்கம், வாசலோரமா பவுன்தாயக்கா.

பவுன்தாயக்கா இருந்தா மலை ஏறுறதே தெரியாது. பேசிக்கிட்டே வரும். "ஏப்பா ராசாங்கம், வளைவுல மெதுவாத் திருப்பு. என் வெத்தலைப் பை அங்கிட்டுப் போகுது, நான் இங்கிட்டு வாரேன்." மாமா அதுக்கு, "ஒங்கள ஏத்துனதுலருந்து வண்டி உங்க பக்கமே சாயுது, நானா திருப்புறேன்?"ம்பாரு. பின்னாடி அத்தனை பேரும் சிரிப்பாக. என்னையும் விடாது. "இவ எம்புட்டு பெரிய மெக்கானிக்கு! கட்டிக்கப் போறவன் பாவம், நடுராத்திரி ஆயில் மாத்தணும்." எனக்குக் கோபம் வரும். இப்ப அந்தக் குரலைக் கேட்டாலே வேற சந்துல போயிருறேன்.

அன்னிக்குச் சாயந்திரம் அஞ்சரை இருக்கும். நல்ல வெளிச்சம். மெட்டுல இருந்து இறங்கி ஏழெட்டு வளைவு வந்தாச்சு. அங்க ஒரு டீக்கடை. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை ஒரு டிபன் கேரியர் கொடுத்துவிட்டிருந்தாரு, அந்தக் கடையில கொடுக்கணும். மாமா நிறுத்துனாரு. அப்பப் பார்த்து பின்னாடி ஒரு அக்கா, தலை சுத்துது, வாந்தி வருது, முன்னாடி உட்கார்ந்துக்கிறேன்னு இறங்கி வந்துச்சு. மூணு பேர் உட்கார்ற இடத்துல நாலு பேர். நெருக்கி உட்கார்ந்தோம். மாமா இஞ்சினை நிறுத்தி, ரிவர்ஸ் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்குனாரு. கல்லு போடல. கேரியரை நீட்டிட்டு வர்ற வேலைதான, முப்பது தப்படி தூரம். அதுக்கு எதுக்குக் கல்லுன்னு விட்டுட்டாரு.

மாமா கடை வாசல்ல நிக்கிறாரு. கடைக்காரரு ஏதோ சொல்றாரு, மாமா சிரிக்கிறாரு. நான் கண்ணாடி வழியா அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

அப்ப அந்த டீக்கடை பின்னால போச்சு.

அப்படித்தான்ண்ணே எனக்குத் தோணுச்சு. நாங்க போறோம்னு தோணல. கடைதான் நகருது. சத்தமே இல்ல. வண்டின்னா ஒரு சத்தம் வேணும்ல? இஞ்சின் ஓடல, ஒன்னும் ஓடல, காத்து மட்டும் முகத்துல அடிக்குது. பின்னாடி ஒரு அக்கா, "என்ன, ராசாங்கம் ஏறிட்டானா?"ன்னு கேக்குது. ஏறலை. டிரைவர் சீட்டு காலியா இருக்கு. ஸ்டீரிங் அது பாட்டுக்கு லேசா ஆடிக்கிட்டு இருக்கு. முன்னாடி வளைவு. வளைவுல ஒரு முழம் உசரத்துக்கு வெள்ளையடிச்ச கல்லு. அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்னுமே இல்ல, வானம்.

பவுன்தாயக்கா, "ஆத்தாடி, குதிங்கடி!"ன்னு கத்திட்டுக் குதிச்சுருச்சு. குதிச்சதை நான் பார்க்கல. 'பொத்'துனு சத்தம்தான் கேட்டுச்சு. தேங்காய் விழுந்த மாதிரி. அந்தச் சத்தம்... இருங்கண்ணே, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.

நான் டிரைவர் சீட்டுக்குத் தாவுனேன். பிரேக்கை மிதிக்கணும். பிரேக் ஷூ என்ன நம்பர், வீல் சிலிண்டர் எந்த ரேக்குல இருக்கு, கிளட்ச் பிளேட்டுக்கு எத்தனை ஸ்பிரிங், எல்லாம் தெரியும். கீழ மூணு பெடல் இருக்கு, எது எதுன்னு காலுக்குத் தெரியலண்ணே. நான் ஒரு நாளும் வண்டி ஓட்டுனதில்ல. ரெண்டு காலையும் சேர்த்து ஒன்னை மிதிச்சேன், பூ மாதிரி உள்ள போச்சு, வண்டி நிக்கல. அது கிளட்ச். மறுபடியும் அதையேதான் மிதிக்கிறேன். பதிமூணு பேர் கத்துறாங்க. ஒரு கை என் முடியைப் பிடிச்சு இழுக்குது, யாரு கைன்னு இன்னி வரைக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு ஸ்டீரிங்கை மலைப் பக்கமா ஒடிச்சேன். வாய்க்கால்ல ஒரு சக்கரம் இறங்கி, மண்ணுல போய் முட்டி, ஒருச்சாஞ்சு நின்னுச்சு.

திரும்பிப் பார்த்தா மாமா ஓடி வர்றாரு. செருப்பு இல்ல. வாயைத் திறந்து கத்துறாரு, குரல் வரல. அந்த மூஞ்சியை நான் பார்த்திருக்கக் கூடாதுண்ணே.

பவுன்தாயக்காவுக்கு வலது கை ரெண்டு இடத்துல ஒடிஞ்சுபோச்சு. மத்தவங்களுக்குச் சிராய்ப்புதான். பழம் எடுக்கிற கைண்ணே அது. இப்பக் கட்டு பிரிச்சாச்சு, ஆனா விரலை முழுசா மடக்க முடியல. மாமாவைத் திட்டக்கூட இல்ல. "ஒன் நேரம் அப்படி, விடுப்பா"ன்னு சொல்லிருச்சு. திட்டியிருந்தா அவரு நல்லா இருந்திருப்பாரு.

மாமா ஏறிப் பார்த்தாரு. கியர் ரிவர்ஸ்லதான் நிக்குது. ஹேண்ட் பிரேக் இழுத்தபடி இருக்கு. சின்ன லிவரு, அதான் நாலு சக்கரம் போடுறது, அதுவும் இடத்துலதான் இருக்கு. எல்லாம் சரியா இருக்கு, பிறகு எப்படி நகரும்? உள்ள கியர் நழுவுதுன்னு முடிவு பண்ணிட்டாரு. மேஸ்திரிகிட்ட விட்டு கியர் பாக்ஸையே இறக்கிப் பிரிச்சாங்க. ஒன்னும் இல்லன்னாரு மேஸ்திரி. வேற மேஸ்திரி பார்த்தாரு, அவரும் ஒன்னும் இல்லன்னாரு. அங்கதான் மாமாவுக்குப் பயம் பிடிச்சுது. பல்லு உடைஞ்சிருக்குன்னு சொல்லியிருந்தா மாத்திட்டு ஓட்டியிருப்பாரு. ஒன்னுமில்லாமலே நழுவுற வண்டியை எப்படி ஓட்டுறது? ஆளுகளை எப்படி ஏத்துறது?

இப்ப ஏலக்காய் ஸ்டோர்ல மூட்டை தூக்குறாரு. பழக்கத்துல வெள்ளன அஞ்சு மணிக்கே எந்திரிச்சு வந்து வண்டிகிட்ட நிப்பாரு. சாவி கையில இருக்கும். ஏற மாட்டாரு. ஒரு நாள் ஏறி உட்கார்ந்தாரு, கால் ரெண்டும் தந்தி அடிக்குது. இறங்கி வந்து எங்கக்காகிட்ட, "பூமாரி, எனக்கு இனி ஓட்ட வராது"ன்னாரு. இருபது வருஷமா ஓட்டுனவரு. ஜன்னல் வழியா நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அன்னிக்குச் சாயந்திரமே வண்டியை விக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாரு.

அவ்வளவுதாண்ணே. இந்த வண்டியை வாங்கணுமான்னு யோசிச்சுக்கங்க.

என்ன? சின்ன லிவரா? அதான் சொன்னேனே, இடத்துல இருந்துச்சுன்னு. மாமா பார்த்தாரு.

மாமா பார்க்கிறதுக்கு முன்னாடியா?

ஏன் அதையே கேக்குறீங்க? நாலு பேர் உட்கார்ந்தா லிவர் யாரு முழங்காலுக்கு நேரா வரும்னா... நடுவுல உட்கார்றவங்களுக்குத்தான் வரும். எனக்குத்தான். ஆமா, குத்தும். ஏறும்போதும் குத்தும் இறங்கும்போதும் குத்தும். அதுக்கு என்ன இப்ப? போன அத்தனை ஞாயித்துக்கிழமையும் குத்திக்கிட்டுத்தான் உட்கார்ந்து போனேன்.

இப்படிப் பார்க்காதீங்கண்ணே.

சரி. கம்பத்துக்காரரு சொன்னதுல ஒன்னு விட்டுட்டேன். மறந்து விடல. பழம் தின்னுக்கிட்டு இருக்கும்போது அவரு சொன்னாரு, மாமா அந்நேரம் கை கழுவப் போயிருந்தாரு. "பாப்பா, மத்ததெல்லாம் பார்த்துட்ட, இதையும் கேட்டுக்க. இந்தச் சின்ன லிவர் நடுவுல ஒரு இடத்துல நிக்கும். அங்க நின்னுச்சுன்னா நீ எந்தக் கியர் போட்டாலும் சக்கரத்துக்குத் தெரியாது. வண்டி அநாதை. இறக்கத்துல அதைத் தொடவே தொடாதீங்க." நான், "தெரியும், தெரியும்"னேன். நிஜமாவே தெரியும்ண்ணே. கடையில அந்த லிவர் இருக்கிற பெட்டியைப் பிரிச்சுப் போட்டே பார்த்திருக்கேன். மாமாவுக்குத் தெரியுமான்னா, தெரியும், அதனாலதான் ஏறுன உடனே அதைப் பார்த்தாரு.

அன்னிக்கு அந்த அக்கா வாந்தி வருதுன்னு வந்து நெருக்குச்சுல்ல? "நகருடி, நகருடி"ங்குது பவுன்தாயக்கா. மாமா இன்னும் இறங்கல, இஞ்சின் ஓடுது, கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டு வெளிய கடைக்காரருக்குக் கை காட்டுறாரு. லிவர் என் முட்டியில கரெக்டா எலும்புல குத்துது. எனக்கு எரிச்சல். நாள் பூரா குனிஞ்சு பழம் எடுத்திருக்கேன், இடுப்பு விட்டுப் போச்சு, இது வேற. முட்டியாலயே ஒரு தள்ளுத் தள்ளுனேன். வழுக்கிக்கிட்டுப் போச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. அதுக்குப் பிறகுதான் மாமா ரிவர்ஸ் போட்டாரு, இறங்குனாரு.

லூசு ஹேண்ட் பிரேக்குதான் மாமா கடையில பேசிக்கிட்டு இருந்த அந்த அரை நிமிஷம் பிடிச்சிருக்கு. பாவம், அதைப் போய் தப்பு சொன்னேன்.

வண்டி நகருறப்பவே எனக்குத் தெரியும்ண்ணே. கடை பின்னால போகுதுன்னு சொன்னேன்ல? அப்பவே தெரியும். லிவரைத் திருப்பித் தள்ளணும்னு தோணல, கை வரல. நின்ன பிறகு வந்துச்சு. எல்லாரும் இறங்கி பவுன்தாயக்காகிட்ட ஓடுனாங்க. மாமாவும் மொதல்ல அங்கதான் ஓடுனாரு. வண்டிக்குள்ள நான் மட்டும். அப்ப என் கை ரொம்ப நல்லா வேலை செஞ்சுச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்துப் பழைய இடத்துக்கே வச்சேன். வச்சிட்டு இறங்கி, நானும் அழுதேன். எல்லாரும் என்னைத்தான் தேத்துனாங்க. "பிள்ளை ஸ்டீரிங்கைத் திருப்புனதுனாலதான் நாங்க பொழைச்சோம்"னு ஊர் பூரா சொல்லுறாங்க. கோயில்ல கூப்பிட்டு மாலை போட்டாங்கண்ணே எனக்கு. மாமாவும் கை தட்டுனாரு.

நாளைக்குச் சொல்லிருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னு இருந்தேன். மேஸ்திரி பாக்ஸைப் பிரிக்கிற அன்னிக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல. அவரு மூட்டை தூக்கப் போன அன்னிக்காவது சொல்லியிருக்கணும். எங்கக்கா என்னைக் கொன்னுருவா. பவுன்தாயக்கா அந்த விரலை வச்சுக்கிட்டு என்னைப் பார்க்கும். மாமா... அவரு அடிக்க மாட்டாரு. அதான் பயமே.

உங்ககிட்டச் சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்னே தெரியல. நெஞ்சுல வச்சிருந்த பாறாங்கல்லை எடுத்துக் கீழ வச்ச மாதிரி இருக்கு. பொய் சொல்லி விக்கக் கூடாதுல்ல, வாங்குறவங்களுக்கு உண்மை தெரியணும்ல? ஏமாத்தாம சொல்லிட்டேன். போதும். இனிமே எனக்குத் தூக்கம் வரும்.

ஏண்ணே சிரிக்கிறீங்க?

நமக்குள்ளயே இருக்கட்டுமா? சரிண்ணே. ரொம்ப நல்லதுண்ணே. நீங்க ரொம்ப நல்லவரு, யார்கிட்டயும் சொல்லாதீங்க. மாமாகிட்டக்கூடவா? ஆமா, அவருகிட்டயும் வேணாம். வீணா மனசு சங்கடப்படுவாரு. ஆமாமா. நீங்க சொல்றதும் சரிதான், நடந்தது நடந்துபோச்சு, எல்லாருக்கும் ஒரு நேரம். எந்திரிச்சுட்டீங்களா? பாருங்க, நல்லாப் பாருங்க.

அண்ணே, நீங்க மூடியத் திறக்கவே இல்லையே. கீழயும் குனிஞ்சு பார்க்கல. அந்தப் பக்கத்துக் கதவை மட்டும் திறந்து திறந்து சாத்துறீங்க, உங்க வண்டி மாதிரி. கொஞ்சமாச்சும் சோதிச்சுப் பார்க்க வேணாமா? வேணாங்கிறீங்களா. ஏன்?

ஏன் வேணாம்?

போன்ல கேட்கும்போதே உங்களுக்குத் தெரியுமாண்ணே? ரெண்டு மேஸ்திரி பிரிச்சும் ஒன்னும் இல்லன்னா லிவராத்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டுத்தான் வந்தீங்களா? அதுக்குத்தான் மத்ததை ஒன்னும் கேக்காம அதையே கேட்டுக்கிட்டு இருந்தீங்களா? நான் வண்டியைப் பத்திக் கேக்குறீங்கன்னு நினைச்சேன். நான் லூசு மாதிரி உட்கார்ந்து எல்லாத்தையும் கொட்டியிருக்கேன்.

அப்ப இது நல்ல வண்டின்னு உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அந்த மனுசனுக்கு மட்டும் தெரியாது. நழுவுற வண்டின்னு நினைச்சு நழுவுற வண்டி விலைக்குக் கொடுத்துட்டு, நல்லவேளை உண்மையைச் சொல்லித்தான் வித்தேன்னு நிம்மதியாப் போய் மூட்டை தூக்குவாரு. நீங்க நாளைக்குக் காலையில இதை குமுளியில ஓட்டுவீங்க.

அட்வான்ஸை எடுக்காதீங்கண்ணே. உள்ள வைங்க. நான் சொல்றேன்ல, சட்டைப் பையில வைங்க.

அங்க பாருங்க, தெருமுனையில அவருதான். பேட்டரியைத் தோள்ல தூக்கிட்டு வர்றாரு. உங்களைப் பார்த்துட்டாரு, சிரிக்கிறாரு. எப்படிச் சிரிக்கிறாரு பாருங்க. நீங்க பேசாதீங்க. நீங்க வாயைத் திறந்தா எனக்குச் சொல்ல வராது. ஒரு நிமிஷம் பேசாம இருங்க.

மாமா. அதை இறக்கி வைங்க. இல்ல, அவருகிட்டப் பேச வேணாம், என்னைப் பாருங்க. வண்டி நழுவல மாமா. கியர் பாக்ஸுல ஒன்னும் இல்ல. சின்ன லிவரை நான்தான் தள்ளுனேன், முட்டியில குத்துச்சுன்னு. நீங்க வந்து பார்க்கிறதுக்கு முன்னாடி நான்தான் திருப்பி வச்சேன். உங்களுக்கு ஓட்ட வருது மாமா, எப்பவும் போல வருது. அடிக்கணும்னா அடிங்க. பேசாம நிக்காதீங்க மாமா, பயமா இருக்கு. அடிச்சிட்டு வண்டியில ஏறுங்க.